பதியுதீன் பள்ளிக்கு நேர்ந்த மீன்கள்

மருதமுனையில் சாயம் காய்ச்சுகிறவர்களின் கை ஒரு நாளும் தன் சொந்த நிறத்தில் இராது. பதியுதீனின் கையைப் பார்த்தே, இந்தக் கிழமை ஊர்த் தறிகளில் சிவப்புக் கைலிச் சாரன் ஓடுகிறதா பச்சைச் சாரன் ஓடுகிறதா என்று சொல்லிவிடலாம். கை சாயத்துக்கு, மனசு மீனுக்கு என்று வாழ்ந்த மனிதர் அவர். சூறாவளி வந்து கரையோரத்தையே கவிழ்த்துப் போட்டதற்கு மறு வருஷம், சாய மா வாங்கக் கொழும்புக்குப் போன இடத்தில் ஒரு மீன்தொட்டிக் கடை வாசலில் நின்றார். நின்றவர் நின்றவர்தான். வீட்டுக்கு வரும்போது சாய மா பாதியாகக் குறைந்திருந்தது. மடியில் காற்றடைத்த பொலித்தீன் பையும் அதற்குள் தங்கமீன்களும் இருந்தன. மனைவி சித்தி லைலா சில நாட்கள் அவரோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை.

ஊர் முதலில் சிரித்தது. கடற்கரையில் பிறந்தவனுக்கு மீன் என்றால் சோற்றுக்கு ஊற்றுகிற ஆணம். அதைக் கண்ணாடிக்குள் விட்டுவிட்டு, சாப்பிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறவனை என்னவென்று சொல்வது? ஆனால் இறக்குமதி திறந்து புதுச் சாமானும் புதுக் காசும் வந்த காலம் அது. கல்முனை பஸாரில் போட்டோ பிடிக்கிற கடையில் ஒரு தொட்டி வந்தது. தையல் கடைக்காரர் நான் மட்டும் குறைவா என்று இன்னொன்று வைத்தார். தொட்டி வந்த இடத்துக்கு நோயும் வந்தது. மீன் தலைகீழாக மிதந்தால் சனம் பதியுதீனைத் தேடி வரும். கொழும்புக் கடைக்காரரிடம் கேட்டுக் கேட்டு அவர் கொஞ்சம் வைத்தியம் படித்து வைத்திருந்தார். வாலும் செட்டையும் நுனியில் கிழிந்து கரைந்தால் அது கிருமி. வாயில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளை படிந்தால், பார்க்கிறவன் பூஞ்சணம் என்று நினைப்பான். அதுவும் கிருமிதான், வெக்கைக் காலத்தில் ஓரிரு நாளில் தொட்டியையே துடைத்துவிடும். தொடக்கத்தில் உப்புக்கே அடங்கும். முற்றினால் மனிதருக்குக் கொடுக்கிற கப்சூலை உடைத்து வாளித் தண்ணீரில் கரைத்து, அதற்குள் மீனை விடவேண்டும். இப்படி நாலைந்து மீன் பிழைத்ததும் 'மீன் டொக்டர்' என்று பட்டம் கட்டினார்கள். சிரிப்புக்குக் கட்டிய பட்டத்தை அவர் மெய்யாகவே சுமக்கத் தொடங்கிவிட்டார். மனிதனைக் கெடுக்க வேறு எதுவும் தேவையில்லை.

அவருக்கும் லைலாவுக்கும் பிள்ளை ஒன்றுதான், நதீரா. அவள் இரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது டைபொயிட் என்கிற நெருப்புக் காய்ச்சல் கண்டது. உடம்பு அடுப்புக் கல்லாகக் காய்ந்தது. ஆஸ்பத்திரி வார்ட்டில் அவள் ஆளை அடையாளம் தெரியாமல் பிதற்றிக்கொண்டு கிடந்தபோது, பதியுதீன் கட்டில் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு நேர்ச்சை வைத்தார்.

"யா அல்லாஹ், என்ட புள்ளய எழுப்பித் தா. என்ட மீனுல நல்லது அத்தனையும் பள்ளி ஹவுழுக்கு உடுறன்."

பள்ளிவாசலுக்கு ஆடு நேர்கிறவர்கள் உண்டு, கந்தூரிச் சோறு நேர்கிறவர்கள் உண்டு. பள்ளிவாசல் குளத்துக்குத் தங்கமீன் நேர்ந்தவர் அந்த ஊரில் அவர் ஒருவர்தான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். தன்னிடம் இருந்ததில் தனக்கு எது மிகப் பிரியமோ அதைத்தான் அந்த மனிதர் கொடுக்கத் துணிந்தார்.

பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியது. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, ஒரு கடதாசிப் பையில் கப்சூல்களைப் போட்டுக் கொடுத்த நேர்ஸ், "காய்ச்சல் விட்டுட்டுதெண்டு நிப்பாட்டிப் போடாதீங்க. பை முடியும் மட்டும் குடுக்கணும்" என்றாள். இருவரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் நம் சனத்தை யாரும் வெல்ல முடியாது.

வீட்டுக்கு வந்த மறுகணமே லைலா நேர்ச்சையைப் பிடித்துக்கொண்டாள். "இஞ்சருங்க, நேர்ச்சையப் பிந்தப் போடப்படா. புள்ள எழும்பிட்டா. நாம குடுக்கிறதக் குடுத்துடணும்."

மீனைத் தண்ணீர் மாற்றுவதென்றால் மெல்ல மெல்லப் பழக்கவேண்டும் என்பது பதியுதீனுக்குத் தெரியாததல்ல. அவருடைய தொட்டிகளில் இருந்தது பழகிப்போன மழைத் தண்ணீர். பள்ளிவாசல் ஹவுழில் இருந்தது கிணற்று நீர். தொழ வருகிறவர்கள் சுற்றிக் குந்தியிருந்து கைகால் முகம் கழுவி வுளுச் செய்கிற குளம். மழைக்கு முந்திய புழுக்கத்தில் அதில் கை வைத்தாலே இளஞ்சூடாக இருந்தது. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அவரோ பதறினார். சந்தோஷமும் ஒரு பதற்றம்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு வந்த சனமெல்லாம் பார்த்திருக்க, வாளி வாளியாகக் கொண்டுவந்து தன் தங்கமீன்களை ஹவுழில் விட்டார். வெயிலில் அவை மின்னித் திரும்பியபோது கிழவர்களும் குழந்தைகளாகி எட்டிப் பார்த்தார்கள். பள்ளி நிர்வாகம் பார்க்கிற நம்பிக்கையாளர் சீனிமுகம்மது ஹாஜியார் மட்டும் சிரிக்காமல், "இனி இது பள்ளிட சொத்து பதியுதீன். வக்பு. ஞாபகம் இரிக்கட்டும்" என்றார்.

அடுத்த ஜும்ஆ வருமுன்னே நோய் வந்துவிட்டது.

விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு வுளுச் செய்யக் குந்திய பதியுதீன், கையில் அள்ளிய தண்ணீரை அப்படியே விட்டுவிட்டார். ஹவுழின் மூலையில் ஒரு மீன் அசையாமல் நின்று வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. உதட்டில் வெள்ளைப் பஞ்சு. இன்னொன்றின் வால் கந்தல் துணியாகக் கிழிந்திருந்தது. மத்தியானம் லுஹருக்கு வந்தபோது இரண்டு மிதந்தன. வுளுச் செய்ய வந்தவர்கள் முகம் சுளித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. "நேர்ச்சை ஒப்புக்கொள்ளப்படல்ல போல" என்று யாரோ ஒருத்தி சொன்னது, பின்னேரம் அஸருக்குள் லைலாவின் காதுக்கு வந்து சேர்ந்தது. அவள் நூல் சுற்றிக்கொண்டிருந்த ராட்டினத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"அந்த மீனுக்குத்தானே நம்மட புள்ளய அல்லாஹ் தந்தவன்? அது செத்தா?"

"விசர்க் கதை கதைக்காத. மீனுக்குக் கிருமி. அவ்வளவுதான்."

வாயால் அப்படிச் சொன்னாரே தவிர, அந்தக் கேள்வி பதியுதீனை விடவில்லை. மீன் டொக்டருக்கு நோயின் பெயர் தெரியும். ஆனால் தகப்பனுக்கு அது போதவில்லை. முற்றத்தில் நதீரா தறிக்கட்டைகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் போய் அவளுடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தொட்டுப் பார்த்தார்.

மீன்தொட்டிக்குப் போடுகிற நீல மருந்தை ஹவுழுக்குள் போடுகிறேன் என்று பள்ளிக்குப் போனால் அங்கே ஹாஜியார் வழிமறித்தார்.

"ஹவுழுக்க நீல மருந்து ஊத்துவியா? சனம் நீலக் கையோட தொழுறதா? உன்ட கை மாதிரி எல்லார்ட கையும் இரிக்கணுமோ?"

"அப்ப மீன வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தியம் பாக்குறன் ஹாஜியார். சுகமானதும் கொண்டுவந்து..."

"வக்புச் சொத்த வீட்டுக்குக் கொண்டுபோறதா? ஆரு செல்லித் தந்த சட்டம்?"

சத்தம் கேட்டு அப்துல் ஹமீட் மௌலவி வந்தார். நிதானமான மனிதர். இருவரையும் உட்காரச் சொன்னார். "தண்ணி பெருந்தண்ணி. மீன் செத்ததால அது கெட்டுப் போகாது. ஆனா மருந்து போட்டு நிறமோ ருசியோ வாசமோ மாறினா அதால வுளுச் செய்ய ஏலா. கடல் உப்பு மட்டும் போடலாம். அது தண்ணில இரிந்து வந்ததுதானே, அதால தண்ணிட தன்மை மாறாது. மீன் பள்ளிட சொத்தெண்டா பள்ளி வளவுக்குள்ளயே வைச்சுப் பாரும், பதியுதீன். ஹாஜியாரும் அதுக்கு மறுப்பில்லத்தானே?"

ஹாஜியார் மறுக்கவில்லை, சம்மதித்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. கந்தூரிக்குச் சோறாக்குகிற செப்புக் கிடாரத்தை எடுத்துக்கொள் என்று பெரிய மனசோடு சொன்னவர்களும் இருந்தார்கள். செம்பும் உப்பும் சேர்ந்தால் மீனுக்கு நஞ்சு என்று பதியுதீன் கையெடுத்துக் கும்பிடாத குறையாக மறுத்தார். கடைசியில் கிடைத்தது, இறந்தவர்களின் மையித்துத் தூக்குகிற சந்தூக்கை நிறுத்தி வைக்கும் கொட்டிலில் கிடந்த ஒரு பழைய சீமெந்துத் தொட்டி. அதைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் நிறைத்து, உப்புக் கரைத்து, உயிரோடிருந்த மீன்களை ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திக்கொண்டுபோய் விட்டார். தலைக்கு மேலே சந்தூக்கு நின்றது. மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. அந்த மனிதர் அந்தச் சந்தூக்கைப் பார்க்காமல் வேலை செய்யப் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு அவர்மேல் இரக்கம்தான் வருகிறது.

உப்புக்கு நோய் அடங்கவில்லை. பஞ்சு வாயிலிருந்து செவுளுக்கு ஏறியது. இன்னும் இரண்டு போயின. இனிக் கப்சூல்தான். கல்முனையில் குணம் என்பவரின் மருந்துக் கடைக்கு ஓடினார். குணத்துக்கு இவரை நன்றாகத் தெரியும். கடையில் ஒரு தொட்டியும் உண்டு.

"அந்தக் கப்சூல் கொழும்பில இருந்து வரல்ல பதியுதீன் நானா. மனிசருக்கே இல்ல எண்டு அனுப்பிக்கிட்டிருக்கன். வந்தா அடுத்த கிழமை."

அடுத்த கிழமை. நாளைக்கே ஒன்றும் மிஞ்சாது என்று அவருக்குத் தெரியும். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்தார். லைலா கேட்கவேண்டியதைக் கேட்டாள், அவர் சொல்லவேண்டியதைச் சொன்னார்.  பிறகு இருவருடைய கண்களும் ஒரே இடத்துக்குப் போயின. அலுமாரியின் மேல்தட்டில் அந்தக் கடதாசிப் பை இருந்தது. பாதிக்கு மேல் மீதம். அதே மருந்து. நதீராவுக்குத் தினமும் அதை உடைத்துச் சீனியில் குழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளோ கசக்கிறது என்று அழுது கொட்டுவாள்.

லைலாதான் எழுந்து போய்ப் பையை எடுத்து வந்தாள்.

"ஏலா புள்ள. முடியிற மட்டும் குடுக்கணும் எண்டு சென்னாங்க" என்றார் பதியுதீன். அவருடைய குரலில் பலம் இருக்கவில்லை.

"காய்ச்சல் எப்பயோ உட்டுட்டு. சோறு தின்னுறா, ஓடித் திரியிறா. சுகமான புள்ளைக்கு எதுக்கு மருந்து? அந்த நேர்ச்சையாலதான் புள்ள எழும்பினது. நேர்ச்சை போனா மருந்து என்ன செய்யும்? செல்லுங்க பாப்பம்."

அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். எடுக்கக் கூடாது என்று பையைப் பறித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்க வேண்டும். நமக்கு இப்போது கோபம் வருகிறது. ஆனால் காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்தாத வீடு அந்த நாளில் எந்த ஊரில் இருந்தது? இவர்கள் செய்த கூடுதல் பிழை ஒன்றுதான். மிஞ்சியது என்று நினைத்த மருந்தை, பிள்ளையின் உயிருக்கு ஈடாக நினைத்த ஒன்றுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அன்பும் பயமும் சேர்ந்துகொண்டால் புத்திக்கு அங்கே வேலையில்லை.

பதியுதீன் பையை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கு நடந்தார்.

கப்சூல்களை உடைத்துத் தொட்டியில் கரைத்தார். கொஞ்சத்தை அவித்த முட்டை மஞ்சட்கருவில் பிசைந்து, தின்னக்கூடிய மீன்களுக்குத் துணுக்குத் துணுக்காகப் போட்டார். தினமும் பாதித் தண்ணீரை மாற்றி, மாற்றிய அளவுக்கு மருந்தைச் சேர்த்தார். சாயம் காய்ச்சப் போகவில்லை. தொழுகைக்குத் தொழுகை கொட்டிலுக்குள் குந்தியிருந்து மீன்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சு உதிர்ந்தது. மங்கிக் கிடந்த நிறம் மெல்லத் திரும்பியது. ஒரு நாள் அஸருக்குப் பிறகு, பெரிய தங்கமீன் மேலே வந்து அவருடைய விரலைக் கொத்தியது. அந்த மனிதர் விம்மி அழுதுவிட்டார்.

ஹவுழை இறைத்துத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் விட்டார்கள். இந்த முறை அவசரமில்லாமல், வாளியில் வைத்துப் பழக்கி, மீன்களைத் திருப்பி விட்டார். ஹாஜியாரே வந்து பார்த்துவிட்டு, "டொக்டர்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் போனார். அதை லைலாவிடம் சொல்வதற்காகப் பதியுதீன் வீட்டுக்கு ஓடாத குறையாக நடந்தார். லைலா சீனி போட்ட மாவுருண்டை செய்து அயலுக்கெல்லாம் கொடுத்தனுப்பினாள்.

மழை தொடங்கியது. மழையோடு நதீரா சோற்றைத் தள்ளி வைத்தாள்.

முதல் நாள் சளித் தடிமன் என்று நினைத்தார்கள். மறுநாள் மத்தியானம் உடம்பு சுட்டது. மாலையானதும் இன்னும் சுட்டது. நாக்கு வெளுத்து, கண் சொருகி, "உம்மா, வயித்துக்குள்ள நோவுது" என்று முனகினாள். இந்த முனகலை இருவரும் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். லைலா முக்காட்டைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கி ஓடினாள்.  நனைந்து வந்தவள் வாசலில் நின்று பைத்தியம் பிடித்தவள்போலச் சொன்னாள்.

"மீனெல்லாம் நல்லாத்தான் இரிக்கி! பள்ளி வாசல்ல நிண்டு பாங்கு செல்லுற மோதினாரிட்ட கேட்டுத்து வாறன், ஒண்டும் சாகல்ல. அப்ப ஏன்? அப்ப ஏன் புள்ளைக்கு?"

ஏன் என்று பதியுதீனுக்கு அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது.  தொட்டியில் பாதியில் மருந்தை நிறுத்தினால் அடங்கிக் கிடக்கிற கிருமி திரும்பி எழும்பும், எழும்பும்போது முன்னையைவிட மோசமாக எழும்பும் என்று போட்டோக் கடைக்காரனுக்கும் தையல் கடைக்காரனுக்கும் எத்தனை தரம் வகுப்பு எடுத்திருக்கிறார்! மீனுக்குத் தெரிந்த வைத்தியம் மகளுக்கு மறந்து போயிற்று. அவர் பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டார்.

வார்ட்டில் பெரிய டொக்டர் நல்லரெத்தினம் பிள்ளையின் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார். பழைய ஆஸ்பத்திரித் துண்டை எடுத்துப் படித்தார்.

"கப்சூல் குடுத்து அனுப்பினதுதானே. முழுக்கக் குடுத்தீங்களா?"

சுற்றிலும் மருதமுனைச் சனமும் நிந்தவூர்ச் சனமும் கட்டில் கட்டிலாக இருந்தார்கள். எல்லாரும் இந்தப் பக்கம் பார்த்தார்கள். பதியுதீனைத் தெரியாதவர்கள் அங்கே குறைவு.

"ஓம் டொக்டர்" என்றார் பதியுதீன். "முழுக்கக் குடுத்த."

சொல்லிய பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கே கேட்டது. லைலா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

டொக்டரின் நெற்றி சுருங்கியது. "முழுக்கக் குடுத்தும் திரும்பியிருக்கெண்டா, அந்த மருந்து இந்தப் பிள்ளையில வேலை செய்யல்ல எண்டுதான் அர்த்தம். அதையே திருப்பிக் குடுத்து நாளைக் கடத்த ஏலாது. வேற ஊசி போட வேணும். அது இங்க இல்லை, மட்டக்களப்புக்குத்தான் அனுப்ப வேணும்." அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. கல்லாற்றுக்கு அங்கால ரோட்டில் வெள்ளம் ஏறிவிட்டதாகக் காலையிலிருந்தே கதை. "இந்த வயிறு அந்த ரோட்டில ஆட்டம் தாங்குமோ தெரியாது. குடல் ஓட்டை விழுந்தா நான் ஒண்டும் செய்ய ஏலாது. ஆனா வேற வழியும் இல்லை. அம்பியுலன்சுக்குச் சொல்லுங்க."

தள்ளுகட்டில் வந்தது. பிள்ளையைத் தூக்கினார்கள். தூக்கும்போது நதீரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள். அது குழந்தையின் சத்தமாகவே இல்லை.

பதியுதீன் தள்ளுகட்டிலின் முன்னால் போய் நின்று, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். சாயம் ஏறிய கை வெள்ளைக் கம்பியை விடவில்லை.

"டொக்டர், நான் பொய் செல்லிட்டன்."

"என்ன?"

"கப்சூல் முழுக்கக் குடுக்கல்ல. பாதி கூடக் குடுக்கல்ல. மீனுக்குப் போட்டுட்டன்."

"எதுக்கு?"

"மீனுக்கு." அவருடைய குரல் வார்ட் முழுக்கக் கேட்டது. "பள்ளிக்கு நேர்ந்த மீன். அதுக்கு வருத்தம் வந்து, புள்ளைக்குச் சுகம்தானே எண்டு, அந்த மருந்த எடுத்து மீனுக்குப் போட்டன்."

அந்நிய ஆண்கள் முன்னால் குரலே எழுப்பாத சித்தி லைலா, முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "நான்தான் எடுத்துக் குடுத்த டொக்டர். அவரு ஏலா எண்டுதான் சென்னவரு. நான்தான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. டொக்டர் நல்லரெத்தினம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஆட்களின் பக்கம் திரும்பி, "பிள்ளையைக் கட்டிலில போடுங்க. மெதுவா. அம்பியுலன்ஸ் வேணாம்" என்றார். நேர்சைக் கூப்பிட்டு, முன்பு கொடுத்த அதே மருந்தின் பெயரைச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. "மருந்து வேலை செய்துகொண்டுதானே இருந்தது! நீங்க நிப்பாட்டினதாலதான் வருத்தம் திரும்பினது. இன்னும் கொஞ்ச நேரம் வாயைத் திறக்காம இருந்திருந்தா, பிழையான மருந்துக்காகப் பிள்ளையை வெள்ளத்துக்குள்ள அனுப்பியிருப்பன், தெரியுமா?" அவர் திட்டத் திட்டப் பதியுதீன் தலை குனிந்து நின்றார். வாழ்க்கையில் அவர் வாங்கிய திட்டுகளில், இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று நினைத்த திட்டு அது ஒன்றுதான்.

காய்ச்சல் உடனே இறங்கிவிடவில்லை. இறங்குவதுபோல் இறங்கி மறுபடி ஏறியது. கட்டிலின் இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் லைலாவுமாக இருந்தார்கள். ஒரு பொழுதில் லைலா கையேந்தினாள். "யா அல்லாஹ், இந்தத் தரம் எழுப்பித் தந்தா நான்..." என்று தொடங்கினாள். பதியுதீன் அவளுடைய கையைப் பிடித்தார்.

"ஒண்டும் நேராத புள்ள. சும்மா கேளு. அவன் தருவான்."

அவள் அழுதுகொண்டே சும்மா கேட்டாள்.

செய்தி அவர்களுக்கு முன்னே ஊருக்குப் போய்விட்டது. மகளின் மருந்தை மீனுக்குக் கொடுத்தவன் என்று கடையடியில் கதைத்தார்கள். கதைத்தவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய், தங்கள் அலுமாரியில் மிஞ்சிக் கிடந்த குளிசைப் பைகளை ஒருமுறை எட்டிப் பார்த்திருப்பார்கள் என்பது என்னுடைய ஊகம். மீன் டொக்டர் என்று கூப்பிட்டால் பதியுதீன் அதற்குப் பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை. தொட்டி வைத்திருப்பவர்கள் வந்து கேட்டால் உப்பின் அளவு சொல்வார். தண்ணீரை மாற்றச் சொல்வார். அதற்கு மேலே ஒன்றும் சொல்லமாட்டார். கப்சூல் என்ற வார்த்தையைக் கேட்டாலே எழுந்து போய்விடுவார்.

காய்ச்சல் கடைசியில் விட்டது. மறுபடி துண்டு வெட்டினார்கள். மறுபடி ஒரு கடதாசிப் பை கிடைத்தது. இந்த முறை அதை அவர் தன் கையைவிட்டு இறக்கவில்லை. சாயக் கொட்டிலிலிருந்து வேளை தவறாமல் வீட்டுக்கு வருவார், கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார், கப்சூலை உடைத்துச் சீனியில் குழைத்து, பிள்ளை விழுங்கும் மட்டும் முன்னால் குந்தியிருப்பார். நதீரா மெலிந்து, தலைமயிர் உதிர்ந்து, ஆனால் முற்றத்தில் கால் வைத்து நடக்கிறவளாக ஆகியிருந்தாள்.

ஒரு காலையில் கரண்டியை நீட்டியபோது அவள் வாயைத் திறக்கவில்லை. உள்ளே உம்மா நூல் சுற்றுகிற சத்தம் கேட்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு தகப்பனின் காதுக்குக் கிட்ட வந்தாள்.

"வாப்பா, எனக்குத்தான் இப்ப காய்ச்சல் இல்லயே. இத மீனுக்குக் கொண்டுபோய்க் குடுங்க. நான் ஆருக்கும் செல்ல மாட்டன்."

 பதியுதீன் மருந்து கீழே சிந்திவிடாமல் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தன்னைவிட மீன்தான் வாப்பாவுக்குப் பெரிதென்று பிள்ளை நம்பியிருக்கிறாள். நம்பியும் கோபிக்கவில்லை. அவருக்குத் துணை நிற்கப் பார்க்கிறாள். ஆஸ்பத்திரியில் டொக்டர் திட்டியபோது, ஊர் சிரித்தபோது தாங்கிய நெஞ்சு இதைத் தாங்கவில்லை. வாசலில் சனம் போய் வந்துகொண்டிருந்தது. அவர் எதையும் பார்க்காமல் வாய்விட்டு அழுதார். நதீரா பயந்துபோய் அவருடைய கண்ணைத் துடைத்தாள்.

"மீனுக்கு வேணா மகள்" என்றார், அழுகை கொஞ்சம் அடங்கியதும். "இது உன்ட. முழுக்க உன்டதான். வாயத் திற."

அவள் திறந்தாள். கசப்புக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாள். கரண்டியில் ஒட்டியிருந்ததையும் அவர் வழித்துக் கொடுத்தார்.